லமலேரா: திமிங்கிலத்தைச் சோளமாக்கும் ஊர்

லமலேரா, இந்தோனேசியாவின் கிழக்கு நுசா தெங்காரா மாநிலத்தில், லெம்பாட்டா தீவின் தென்கரையில் உள்ள கடலோரச் சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ 2,000. பல்லுள்ள திமிங்கிலங்களில் மிகப் பெரியதான ஸ்பெர்ம் திமிங்கிலத்தை மரப்படகில் துரத்திச் சென்று, கையால் எறியுளி பாய்ச்சிப் பிடிக்கும் வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிற மிகச் சில ஊர்களில் இது ஒன்று. பயணக் கட்டுரைகளிலும் ஆவணப்படங்களிலும் அடிக்கடி இடம்பெறுவதால் ஊரின் அளவுக்கு மீறிய புகழ் இதற்கு உண்டு. வேட்டைக் காட்சி அந்தப் படங்களில் நன்றாகவே வந்துவிடுகிறது. பிடித்த திமிங்கிலம் யார் வீட்டுக்கு எந்தத் துண்டாகப் போகிறது, அது எப்படிச் சோளமாகவும் வாழைப்பழமாகவும் மாறி அடுப்படிக்கு வருகிறது என்ற பாதிக் கதை அவற்றில் அதிகம் வருவதில்லை. இந்த ஊர் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில் நிலைத்திருப்பதற்குக் காரணம் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

இடம்

புளோரஸ் தீவின் கிழக்கு முனையிலிருந்து அடோனாரா, சோலோர், லெம்பாட்டா, பந்தார், அலோர் என்று எரிமலைத் தீவுகள் வரிசையாகக் கிழக்கே நீள்கின்றன. ஐரோப்பியர் எழுதிய பழைய நூல்களில் லெம்பாட்டாவுக்கு லொம்ப்லென் என்று பெயர். தீவின் தெற்கே லபலேகாங் மலை கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது. அதன் அடிவாரப் பாறைச் சரிவில், ஒரு சிறு குடாவைச் சுற்றி லமலேரா அமைந்திருக்கிறது. சரிவில் இருப்பது மேலூர், கரையோரம் இருப்பது கீழூர். அரசுப் பதிவேட்டில் இவை லமலேரா ஏ, லமலேரா பி என்ற இரு கிராமங்கள். பேசுவது லமஹோலோத் மொழியின் ஒரு கிளை. பக்கத்து மலை ஊர்களின் பேச்சிலிருந்து அது கணிசமாக வேறுபடும்.

உழுவதற்கு இங்கே நிலம் கிடையாது என்றே சொல்லலாம். மழை டிசம்பரிலிருந்து மார்ச் வரை. மற்ற மாதங்களில் குடிநீருக்கே திண்டாட்டம். இருக்கும் மண்ணும் கல்லும் கரடும். எதிரே இருக்கும் சவூ கடலோ, கரையை விட்டுச் சற்றுத் தள்ளியதுமே பெரும் ஆழத்துக்குப் போய்விடுகிறது. கணவாயைத் தேடி ஆழத்தில் மூழ்கும் ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கு அப்படிப்பட்ட கடல்தான் வேண்டும். தவிர, பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே திமிங்கிலங்கள் போய்வரும் வழி இந்தத் தீவுகளின் இடுக்குகளில் இருக்கிறது. வயல் இல்லாத ஊர், வாசலில் திமிங்கிலம்: லமலேராவின் பொருளாதாரத்தை இப்படிச் சுருக்கலாம்.

பூர்வீகக் கதை

ஊரின் பெரிய குலங்கள் தங்களை வந்தேறிகள் என்றே சொல்லிக்கொள்கின்றன. முன்னோர் சுலவேசியின் லூவு நாட்டிலிருந்து புறப்பட்டார்களாம். மஜபாகித் பேரரசின் அமைச்சர் கஜா மதாவின் கப்பற்படையோடு சேர்ந்து வந்தார்களாம். செராம், அம்போன் பக்கம் சுற்றி, லெம்பாட்டாவுக்கும் பந்தாருக்கும் நடுவே இருந்த லெப்பான், பாத்தான் என்ற தீவுகளில் குடியேறினார்களாம். அங்கே கடல் பொங்கி ஊரை அழிக்க, கொரோஹாமா என்ற மூதாதையின் தலைமையில் படகேறி லமலேரா வந்து சேர்ந்தார்கள் என்று கதை முடிகிறது. கெபாகோ புகா என்ற படகு அந்தப் பயணத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. இன்று அதே பெயரில் இருக்கும் படகு அதன் வழிவந்தது என்பது ஊர் நம்பிக்கை.

கஜா மதாவின் பெயர் கிழக்கு இந்தோனேசியாவின் பல பூர்வீகக் கதைகளில் தலைகாட்டும். அதை வைத்துக் காலம் கணிப்பது சரியாகாது. கடல் பொங்கிய செய்தியை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 1979 ஜூலை 18 அன்று லெம்பாட்டாவின் தென்கரையில் வைத்தேபா பகுதியில் மலைச்சரிவு ஒன்று கடலில் விழுந்து, எழுந்த ஆழிப்பேரலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்தக் கடலோரத்தில் ஓர் ஊர் ஒரே இரவில் இல்லாமல் போவது புராணம் மட்டும் அன்று.

வந்தவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் முன்பே அங்கிருந்த குலத்தார். லங்கோஃபூஜோ, துஃபாஓனா என்ற அந்த இரு குலங்கள் இன்றும் நிலத்தின் உடையவர்கள். கொரோஹாமாவின் வழிவந்த பதாஓனா, பிலிகோலொலோங், லெவோதுகா என்ற மூன்றும் ஊரின் தலைமைக் குலங்கள். நிலத்தவருக்கும் கடலோடிகளுக்கும் ஏற்பட்ட அந்த முதல் உடன்பாடு இன்னும் செல்லும். வேட்டைப் பருவத்துக்கு முன் மலைமேல் ஏறித் திமிங்கிலங்களை அழைக்கும் சடங்கை நிலத்தவர்தான் செய்ய வேண்டும். பிடிபடும் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலைப்பகுதியில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்களுக்கு மனக்குறை இருந்தால் திமிங்கிலம் வராது என்று ஊரார் நம்புகிறார்கள். ஒரு பருவம் பொய்த்துப்போனால் கடலில் என்ன கோளாறு என்று யாரும் தேடுவதில்லை. ஊருக்குள் யாருக்கு யாரோடு பிணக்கு என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும்.

எழுத்தில் லமலேரா

1624ஆம் ஆண்டைச் சேர்ந்த, எழுதியவர் பெயர் தெரியாத ஒரு போர்ச்சுகீசிய ஆவணம், இந்தத் தீவினர் எறியுளியால் திமிங்கிலம் பிடித்து எண்ணெய் எடுப்பதைக் குறிப்பிடுகிறது. அவர்கள் திமிங்கிலத்திலிருந்து வரும் நறுமணப் பொருளான அம்பரைச் சேகரித்து விற்றதற்கான குறிப்பும் அதில் உண்டு. அமெரிக்கத் திமிங்கிலக் கப்பல்கள் ஸ்பெர்ம் வேட்டையில் முழுமூச்சாக இறங்கியது 18ஆம் நூற்றாண்டில்தான். பின்னர் அமெரிக்க, ஆங்கிலக் கப்பல்கள் இந்தக் கடல்களுக்கும் வந்தன. எனவே வெள்ளைக்காரர்களைப் பார்த்து இவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்ற பழைய ஊகத்துக்கு இடமில்லை.

போர்ச்சுகீசிய டொமினிகன் துறவிகள் 16ஆம் நூற்றாண்டிலேயே சோலோர் தீவில் கோட்டை கட்டிவிட்டார்கள். இருந்தாலும் லமலேரா அவர்கள் பார்வைக்கு ஓரமாகவே கிடந்தது. 1859இல் லிஸ்பன் உடன்படிக்கைப்படி இந்தத் தீவுகள் டச்சுக்காரர் கைக்குப் போயின. ஆட்சி மாறியது ஊருக்குப் பெரிதாகத் தெரிந்திருக்காது. லரந்துகா அரசரின் பெயரளவான மேலாட்சி தொடர்ந்தது.

மாற்றம் கொண்டுவந்தது திருச்சபை. 1886இல் இயேசு சபைத் துறவிகள் இங்கே முதல் ஞானஸ்நானங்களைக் கொடுத்தார்கள். 1920இல் வந்த ஜெர்மானியப் பாதிரியார் பெர்ன்ஹார்ட் போடே, பல பத்தாண்டுகள் இங்கேயே தங்கி ஊரை முழுக்கக் கத்தோலிக்கமாக்கினார். முன்னோரின் மண்டையோடுகளையும் வழிபாட்டுப் பொருள்களையும் அகற்றியவர் அவரே. பள்ளியை வளர்த்தவரும் அவரே. திமிங்கில வேட்டையில் மட்டும் அவர் கைவைக்கவில்லை. கோழி இரத்தம் தெளித்த இடத்தில் புனித நீர் தெளிப்பது வந்தது. வேட்டைச் சடங்கின் எலும்புக்கூடு அப்படியே இருக்க, மேலே திருச்சபையின் அங்கி ஏறியது.

1928–29இல் வந்த ஜெர்மானிய இனவரைவியலாளர் எர்ன்ஸ்ட் ஃபாட்டர் இத்தீவுகளைப் பற்றி 1932இல் ஒரு நூல் எழுதினார். 1979 முதல் பலமுறை வந்து தங்கி ஆய்வு செய்த ராபர்ட் பார்ன்ஸின் நூல் 1996இல் ஆக்ஸ்போர்டில் வெளியாயிற்று. படகின் ஒவ்வொரு பலகையின் பெயர், ஒவ்வொரு குலத்தின் பங்கு, ஆண்டுவாரியாகப் பிடிபட்ட திமிங்கிலங்கள் என்று அவர் குறித்து வைக்காதது குறைவு. அவர் மனைவி ரூத் பார்ன்ஸ் ஊரின் நெசவைப் பற்றி எழுதிய நூல் 1989இல் வந்தது. ஊர்க்காரரே எழுதியதும் உண்டு. இந்தோனேசியப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் தலைமுறைகளாகப் படித்த இலக்கணப் பாடநூல்களின் ஆசிரியர் கோரிஸ் கெராஃப் லமலேராவில் 1936இல் பிறந்தவர். தன் ஊர்ப் பேச்சின் சொல்லமைப்பை ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1978இல் அச்சாயிற்று.

தெனா

வேட்டைப் படகுக்கு ஊர்ப்பெயர் தெனா. வெளியூரார் பெலேடாங் என்பார்கள். நீளம் பத்து, பன்னிரண்டு மீட்டர். இருபுறமும் மூங்கில் மிதவைகள். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. பலகைகள் மரமுளைகளால் பிணைக்கப்படுகின்றன. கட்டும் முறை, வங்கு என்னும் விலாச்சட்டத்தை முதலில் நட்டுப் பலகையைப் பிறகு அறைவதற்கு நேர்மாறானது. முதலில் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து வெளிக்கூட்டை உருவாக்குவார்கள். பலகைகளின் உட்புறத்தில் செதுக்காமல் விட்டிருக்கும் துளையிட்ட புடைப்புகளில் வங்குகளைப் பின்னால் கயிற்றால் கட்டுவார்கள். திமிங்கிலம் வாலால் அடித்தால் இறுகிப்போன படகு பிளக்கும். கயிற்றுக் கட்டு சற்று நெகிழ்ந்து கொடுக்கும். கீழைத் தீவுகளின் இந்தக் கட்டுமுறையைப் பற்றி ஏட்ரியன் ஹாரிட்ஜ் 1982இல் எழுதிய ஆய்வுக்கு லமலேராப் படகுகள் முக்கியச் சான்று.

படகு கட்டும் தச்சர் அத்தா மோலா எனப்படுவார். எந்தப் பலகை எந்த இடத்தில், எத்தனை துண்டில் என்பது முன்னோர் வகுத்தது. தச்சர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. படகு பழசானால் பிரித்து, புது மரத்தில் திரும்பக் கட்டி, அதே பெயரை வைப்பார்கள். பாய் துணியால் ஆனதன்று. தாளிப்பனையின் இனத்தைச் சேர்ந்த கெபாங் பனையின் ஓலையைக் கீறி, சிறுசிறு சதுரங்களாகப் பின்னி, அவற்றை ஒன்றோடொன்று தைத்த பாய் அது. எறியுளியின் முக்கியக் கயிறான லெயோ கையால் நூற்ற பருத்தி நூலைத் திரித்துச் செய்வது. அதைக் குல வீட்டில் வைத்துக் காப்பார்கள். கரையில் படகுகளுக்கு ஓலைக் கொட்டகைகள் உண்டு. ஊர்க்கூட்டம், வம்பளப்பு, கள் குடிப்பது எல்லாம் அந்தக் கொட்டகை நிழலில்தான்.

படகு தனி ஆளுக்குச் சொந்தமில்லை. ஒரு குலமோ, அதன் கிளையோ உடைமையாளர். படகில் ஏறுவோர் பன்னிரண்டு, பதினான்கு பேர். அமரத்தில் சுக்கான் பிடிப்பவர் லமா ஊரி. நடுவில் தண்டு வலிப்போர். அணியத்தில் எறிபவர் லமாஃபா. அணியத்துக்கு முன்னால் கடலுக்கு மேலே நீண்டிருக்கும் மூங்கில் மேடை அவர் நிற்குமிடம். நெருங்கியதும் அவர் எறியுளியை வீசிவிட்டு நிற்பதில்லை. நீண்ட மூங்கிலை இரு கையாலும் பிடித்தபடி, உடம்பின் எடை முழுவதையும் சேர்த்துத் திமிங்கிலத்தின் மேல் குதிக்கிறார். தோலும் கொழுப்பும் அவ்வளவு தடிமன். கைவீச்சு மட்டும் உள்ளே இறங்காது. இரும்புமுனை பதிந்ததும் மூங்கில் கழன்றுவிடும், கயிறு ஓடும், அவர் நீந்திப் படகில் ஏற வேண்டும்.

பிறகு நடப்பது பெரும்பாலும் காத்திருப்பு. திமிங்கிலம் மூழ்கும், இழுக்கும், வேறு படகுகள் வந்து தங்கள் எறியுளிகளையும் பாய்ச்சும். கயிறு கையிலோ காலிலோ சுற்றினால் விரல் போகும், உயிரும் போகும். 1994 மார்ச்சில் கெபாகோ புகா, கெலுலுஸ் ஆகிய படகுகள் திமிங்கிலத்தோடு வெகுதூரம் இழுத்துச் செல்லப்பட்டுக் கடலில் போயின. அவற்றில் இருந்தவர்கள் நாள்கணக்கில் தத்தளித்த பின் ஒரு பயணிகள் கப்பலால் மீட்கப்பட்டார்கள்.

பருவம்

லெஃபா என்னும் வேட்டைப் பருவம் மே மாதம் தொடங்கிச் செப்டம்பர், அக்டோபர் வரை நீளும். ஏப்ரல் இறுதியில் கடலில் இறந்தவர்களுக்கான வழிபாடு, கரையில் உள்ள புனித பேதுரு சிற்றாலயத்துக்கு முன் நடக்கும். மெழுகுவர்த்திகளை ஏற்றிக் கடலில் மிதக்க விடுவார்கள். மே 1ஆம் தேதி காலைத் திருப்பலிக்குப் பின் பாதிரியார் படகுகளுக்குப் புனித நீர் தெளிக்க, பருவம் திறக்கும். பிராசோ சபாங் என்ற படகு முதலில் இறங்குவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை வேட்டை இல்லை. பருவமல்லாத காலத்தில் கரைக்கு அருகே திமிங்கிலம் தென்பட்டால், கண்டவர் “பலேயோ!” என்று கத்துவார். அந்தக் கூவல் வாய்க்கு வாய் பரவி ஊரே கடற்கரைக்கு ஓடும்.

குறி ஸ்பெர்ம் திமிங்கிலம்தான், ஊர்ப்பெயர் கோத்தெக்லெமா. கொம்புத் திருக்கை, ஓங்கில், சுறா, திமிங்கிலச் சுறா, ஓர்கா ஆகியவையும் பிடிபடும். வலையில் பறவைக்கோலா. நீலத் திமிங்கிலம் உள்ளிட்ட பல்லில்லாத் திமிங்கிலங்களைத் தொட மாட்டார்கள்; முன்னோர் ஒருவரைக் கடலில் காப்பாற்றிக் கரைசேர்த்த இனம் அது என்பது காரணம். ஆண்டுக்கு எத்தனை பிடிபடும் என்பது சீட்டாட்டம்: 1960களின் முடிவில் ஓராண்டில் 50க்கும் மேல், 1980களில் சில ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவு.

ஆண்கள் கடலில் இருக்கையில் வீட்டிலும் கட்டுப்பாடு உண்டு. லமாஃபாவின் மனைவி அக்கம்பக்கத்தாரோடு சண்டை போடக்கூடாது. வீட்டுக்குள் மனத்தாங்கல் இருந்தால் எறியுளி குறி தவறும் என்பார்கள். கடலில் சில சொற்களைச் சொல்லக்கூடாது. அவற்றுக்கு மாற்றுச் சொற்கள் இருக்கின்றன.

பங்கு

கரைக்கு இழுத்துவந்த திமிங்கிலத்தை நீர்மட்டம் பார்த்து ஏற்றி, நீண்ட கத்திகளால் அறுக்கிறார்கள். எந்த இடத்தில் கத்தி போட வேண்டும் என்பதில் விவாதமே இருக்காது. திமிங்கிலத்தின் உடல் பங்குகளாக முன்பே வரையறுக்கப்பட்டிருக்கிறது. நிலத்தவருக்கு, லமாஃபாவுக்கு, தண்டு வலித்த ஒவ்வொருவருக்கும், படகுக்கு உடைமையாளரான குலத்தின் பங்காளிகளுக்கு, படகைக் கட்டிய தச்சருக்கு, எறியுளி அடித்த கொல்லருக்கு, பாய் முடைந்தவருக்கு என்று ஒவ்வொரு பகுதிக்கும் உரியவர் உண்டு. அன்றைக்குக் கடலுக்குப் போகாதவரும், பாட்டன் காலத்து உரிமையால் பங்கு பெறலாம். லமாஃபாவின் பங்கைப் பற்றி ஒரு விசித்திரமான விதி: தான் குத்தியதை அவர் தாமே உண்ணக்கூடாது, அது உறவினர்களுக்குப் போகும்.

கையில் பங்கு வந்ததோடு கணக்கு முடியாது. ஒவ்வொரு பங்கும் வீட்டில் மேலும் அறுபட்டு, பெண் கொடுத்த வீட்டுக்கு, பெண் எடுத்த வீட்டுக்கு, அக்கம்பக்கத்துக்கு என்று பிரியும். விதவைகளும் அநாதைகளும் வேட்டைப் பிரார்த்தனைகளில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகிறார்கள். கிதே க்னூகே என்பது அவர்களுக்கான சொல். அவர்களுக்காகத்தான் கடலுக்குப் போகிறோம் என்று படகோட்டிகள் சொல்வது சம்பிரதாயப் பேச்சாகத் தோன்றலாம். ஆண்மகன் இல்லாத வீட்டிலும் கருவாடு காய்வதைப் பார்த்தால் சம்பிரதாயத்துக்கு வேலை இருப்பது தெரியும்.

இறைச்சியையும் கொழுப்பையும் நீள வார்களாக அறுத்து, வீட்டு முன் மூங்கில் பந்தலில் உணத்துவார்கள். வெயிலில் கொழுப்பிலிருந்து வடியும் எண்ணெயைக் கீழே பிளந்த மூங்கிலில் ஏந்தி விளக்குக்கும் சமையலுக்கும் எடுப்பார்கள். வெட்டு நடந்து சில வாரங்கள் ஊரெங்கும் அந்த எண்ணெய் வாடைதான். வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடிக்கிறார்கள்; ஊராருக்கு அது செழிப்பின் வாடை.

குல உறவுகளும் இந்தப் பங்கீட்டைப் போலவே ஒரே திசையில் ஓடுகின்றன. மாமன் மகளைக் கட்டலாம், அத்தை மகளைக் கட்டக்கூடாது. அதாவது, பெண் எடுத்த குலத்துக்குத் திரும்பப் பெண் கொடுக்கக்கூடாது. ஒரு குலம் இரண்டாவதற்கும், அது மூன்றாவதற்கும் பெண் கொடுக்க, வட்டம் சுற்றி வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் யானைத்தந்தம் கொடுப்பார்கள். லெம்பாட்டாவில் யானை என்றுமே இருந்ததில்லை. வணிகர்கள் கொண்டுவந்த தந்தங்கள் தலைமுறை தலைமுறையாகக் குலங்களுக்கிடையே கைமாறிக்கொண்டிருக்கின்றன. பெண் வீட்டார் பதிலுக்குச் சேலைபோன்ற நெசவுத் துணிகளைத் தருவார்கள். அவற்றில் மூன்று துண்டுகளை இணைத்துத் தைத்த பாவாடைக்கே மதிப்பு அதிகம். வீட்டிலேயே நூற்ற நூலை முடிச்சிட்டு, அவுரியில் நீலமும் நுணா வேரில் சிவப்பும் ஏற்றி நெய்த இக்காட் துணி அது. அதன் அமைப்பில் குஜராத்திலிருந்து கடல்வழி வந்த பட்டோலாவின் சாயல் தெரிகிறது. இடையிடையே தெனாவும் திமிங்கிலமும் கொம்புத் திருக்கையும் வரும்.

முங்கா

லமலேராவின் பிரதான உணவு சோளம். அது விளைவது மலைமேல், மற்றவர் நிலத்தில். அதைக் கொண்டுவருவது பெண்களின் வேலை. விடியுமுன்னே கருவாட்டைத் தட்டில் அடுக்கி, தலையில் சுமந்து மலையூர்களுக்கு ஏறுவார்கள். வீடு வீடாகப் போய் மாற்றும் இந்த நடைக்குப் பெனெத்தாங் என்று பெயர். போகும்போது கருவாட்டுச் சுமை, வரும்போது அதைவிடக் கனத்த சோளச் சுமை. கடலில் படும் பாட்டைப் படம்பிடிக்க ஆள் வருகிறது. இந்த ஏற்றத்தைப் படம்பிடிக்க அவ்வளவு பேர் வருவதில்லை. ஆனால் பன்னிரண்டு பேர் தண்டு வலித்துக் கொண்டுவந்தது உணவாவது இந்தப் பாதையில்தான்.

சனிக்கிழமைகளில் வூலான்டோனியில் கூடும் சந்தை இதன் பெரிய வடிவம். கடற்கரை ஊர்ப் பெண்கள் கருவாடு, உப்பு, பவளக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பு ஆகியவற்றோடு வருவார்கள். மலையூர்ப் பெண்கள் சோளம், வாழை, மரவள்ளி, வெற்றிலை, பாக்கு கொண்டுவருவார்கள். எல்லோரும் சரக்கைப் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள், கண்கள் மட்டும் எதிர்ச் சரக்கின்மேல் இருக்கும். யாரும் கைமாற்ற மாட்டார்கள். சந்தை மேற்பார்வையாளர் சுற்றிவந்து சந்தை வரியை வாங்குவார், அதுவும் பொருளாகவே. பிறகு அவர் ஊதலை ஊதுவார். அந்த நொடியில் சந்தை எழுந்து நிற்கும்.

அளவை முங்கா. ஒரு முங்கா என்றால் ஆறு: ஆறு சோளக்கதிர், அல்லது ஆறு வாழைப்பழம். ஒரு துண்டு கருவாட்டுக்கு இரண்டு முங்கா, அதாவது பன்னிரண்டு கதிர் என்பது பழகிய கணக்கு. பேரம் விலையில் நடக்காது. துண்டின் பருமனில், கதிரின் நீளத்தில் நடக்கும். பஞ்சமோ பணவீக்கமோ, ஆறு ஆறாகவே நிற்கும். 1997–98 பொருளாதார நெருக்கடியில் ரூபியாவின் மதிப்பு சரிந்ததுபோல் முங்காவின் மதிப்பு சரிய வழியே இல்லை.

மோட்டாரும் சட்டமும்

வேட்டையை நவீனமாக்க வந்த முதல் முயற்சி வெளியிலிருந்து வந்தது. 1973இல் ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் நார்வே நாட்டுத் திமிங்கில வேட்டைக்காரர் ஒருவரைப் பீரங்கி எறியுளியோடு அனுப்பியது. திட்டம் சில ஆண்டுகளில் நின்றுபோனது. நின்றதில் வியப்பில்லை. பீரங்கிக்குத் திமிங்கிலம் கொல்லத் தெரியும். பாய் முடைந்தவருக்கும் தச்சருக்கும் நிலத்தவருக்கும் பங்கு பிரிக்கத் தெரியாது.

வெளிப்பொறி மோட்டார் வேறு வழியாக நுழைந்தது. ஜொன்சோன் என்று பிராண்டுப் பெயராலேயே அழைக்கப்படும் சிறு மோட்டார் படகுகள் 2000க்குப் பின் பெருகின. திருக்கைக்கும் ஓங்கிலுக்கும் நேரடியாக அவற்றிலேயே போனார்கள். திமிங்கிலம் என்றால் மோட்டார் படகு தெனாவைக் கயிறு கட்டி இழுத்துப்போய் அருகில் விடும், குத்துவது தெனாவிலிருந்துதான். முன்னோர் வழி இது அன்று என்று ஒரு சாராரும், பாயை நம்பினால் திமிங்கிலம் போய்விடும் என்று இன்னொரு சாராரும் வாதிட்டுக் கண்ட சமரசம் இது. பெட்ரோலுக்குப் பணம் வேண்டும் என்பதால் பங்குக் கணக்கில் முதன்முறையாக எரிபொருளுக்கும் ஒரு பங்கு புகுந்தது. நீரோட்டத்தில் மிதக்கவிடும் நீண்ட வலைகளும் வந்தன. வலைக்குப் பன்னிரண்டு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். ஒரு தெனாவைக் கட்டிக்காக்கும் குலக் கூட்டுறவை மோட்டாரைவிட இந்த வலைதான் அதிகம் அரித்தது என்று சொல்ல இடமுண்டு.

சர்வதேசத் திமிங்கில ஆணையம் லமலேராவுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்று பல கட்டுரைகளில் வருவது பிழை. இந்தோனேசியா அந்த ஆணையத்தில் உறுப்பினரே அன்று. அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்நாட்டுச் சட்டமோ இறுக்கமானது. 1999ஆம் ஆண்டின் அரசாணை எண் 7, திமிங்கிலங்களைப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் வைத்தது. 2014இல் கொம்புத் திருக்கைகளுக்கு நாடு முழுவதும் பாதுகாப்பு வந்தது. லமலேராவின் வேட்டையை மரபு, பிழைப்புக்கான வேட்டை என்று அதிகாரிகள் கண்டும் காணாமல் விடுகிறார்கள். விற்பனை என்று வந்தால் அந்தச் சலுகை கிடையாது. 2016 இறுதியில் திருக்கையின் பாகங்கள் தொடர்பாக ஊர்க்காரர் ஒருவர் கைதானபோது ஊர் கொதித்தது. செவுள்கள் ஆசிய மருந்துச் சந்தைக்குப் போகத் தொடங்கியபின், பிழைப்புக்கும் வணிகத்துக்கும் நடுவே கோடு கிழிப்பது முன்போல் எளிதில்லை.

2009 மே மாதம் மனாடோவில் நடந்த உலகப் பெருங்கடல் மாநாட்டில் சவூ கடலைத் தேசியக் கடல் பூங்காவாக இந்தோனேசியா அறிவித்தது. லமலேராக்காரர்கள் எதிர்த்தார்கள். சுமார் 33.5 லட்சம் ஹெக்டேர் பரப்பில் 2014இல் உறுதியான பூங்காவின் எல்லைக்குள் லெம்பாட்டாக் கடல் சேர்க்கப்படவில்லை. 1999 முதல் 2001 வரை நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த சோனி கெராஃப் இதே லமலேராவில் 1958இல் பிறந்தவர் என்பது இந்த விவகாரத்தில் ஒரு சுவையான கிளைச்செய்தி.

போடே காலத்துப் பள்ளியின் விளைச்சல் அவர் போன்றோர். ஊரின் அளவுக்குப் பொருந்தாத எண்ணிக்கையில் பாதிரியார்களும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் இங்கிருந்து போயிருக்கிறார்கள். குபாங்கிலும் ஜகார்த்தாவிலும் குடியேறியிருக்கிறார்கள். ஊரில் தங்கியவர்களுக்குப் பெரிய தலைவலி படகுக்கு ஆள் சேர்ப்பது. தண்டு வலிக்கும் வயதுப் பையன்கள் தீவின் தலைநகரான லெவோலெபாவில் கல்லூரியிலோ, வெளித்தீவுகளில் வேலையிலோ இருக்கிறார்கள். அவர்களின் பள்ளிக் கட்டணத்துக்கும் பெட்ரோலுக்கும் ரூபியா தேவைப்படுவதால், வூலான்டோனிச் சந்தையில் இப்போது பணத்துக்கு விற்கும் கடைகளும் இருக்கின்றன. ஊதல் ஊதியபின் கருவாட்டுக்கும் சோளத்துக்கும் நடுவே மட்டும் இன்னும் முங்காதான் பேசுகிறது.